நாவன்மையும் நாவோட்டமும்

"பேசிப் பேசியே நாட்டைப் பிடித்தவர்கள்!"

நம்மைப் பற்றி நெடுநாளாக உலவிவரும் கேலி இது. மேடை, ஒலிபெருக்கி, அடுக்குமொழி, கைதட்டல், இவைதானே உங்கள் மூலதனம் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கேட்கட்டும். நமக்குச் சினம் இல்லை. ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்போம்: பேசாமல் பிடித்தவர்கள் எதைக் கொண்டு பிடித்தனர்? வாளைக் கொண்டு பிடித்தனர்! வாரிசு உரிமை கொண்டு பிடித்தனர்! பணப்பையைக் கொண்டு பிடித்தனர்! வாளும் பையும் இல்லாதவன், தறிமேடையில் குந்தியிருப்பவன், ஆலையில் சங்கு ஊதியதும் ஓடுபவன், அவனுக்கு இயற்கை தந்த ஒரே படைக்கலம் நாக்கு. அதையும் கேலி செய்தால் அவன் எதை ஏந்துவான்?

இருப்பினும் தோழர்களே, அந்தக் கேலியில் பொய் மட்டுமே இருக்கிறது என்று நாம் தள்ளிவிடவும் கூடாது. பேச்சில் இரண்டு சாதி உண்டு. ஒன்று மக்களை எழுப்பும். மற்றொன்று மக்களை மயக்கும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால், எழுந்தவனே மறுபடி உறங்கிவிடுவான். ஆகவேதான் இன்று இதை எழுதுகிறோம்.

லத்தீன் மொழியில் 'ஃபகுந்தியா' என்று ஒரு சொல் உண்டு. நாவன்மை என்பது பொருள். ரோமாபுரி வீழ்ந்த பின்னும் அந்தச் சொல் சாகவில்லை. ஸ்பானிய மொழியில் எழுத்துக்கூட மாறாமல் இன்றளவும் வாழ்கிறது. ஸ்பானியர் தம் பிள்ளைகளுக்கு 'ஃபகுண்டோ' என்று பெயரும் வைக்கின்றனர். நாம் 'நாவலன்', 'நாவரசு' என்று வைப்பதில்லையா, அதுபோல!

அந்தச் சொல்லின் வேர் 'ஃபாரி'. பேசுதல் என்பது அதன் பொருள். அந்த ஒரு வேரிலிருந்து எத்தனை கிளை பாருங்கள்! 'ஃபாமா' என்றால் புகழ்: ஊரார் பேசுவது. 'ஃபாபுலா' என்றால் கதை: சொல்லப்படுவது. 'ஃபாதும்' என்றால் விதி: தேவர் வாயால் உரைக்கப்பட்டது. 'இன்ஃபன்ஸ்' என்றால் குழந்தை. குழந்தைக்கு ஏன் அந்தப் பெயர்? 'இன்' என்றால் இல்லை. பேச்சு இல்லாதது எதுவோ அது குழந்தை!

இதோடு முடியவில்லை. அந்தக் குழந்தைச் சொல்லே வளர்ந்து, பிற்காலத்து ஐரோப்பிய மொழிகளில் குதிரையும் தேரும் இல்லாமல் காலால் நடந்து சாகும் படையாளுக்குப் பெயராயிற்று. 'இன்ஃபன்ட்ரி' என்று ஆங்கிலத்தில் காலாட்படையைக் குறிப்பது அதனால்தான்.

எண்ணிப் பாருங்கள். பேசாதவன் குழந்தை. பேசாதவன் காலாள். குழந்தைக்காக மற்றவன் முடிவு செய்வான். காலாளை மற்றவன் ஏவுவான். ஒரு மக்கட்கூட்டத்தைப் பேசவிடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை லத்தீன் மொழி தன்னையறியாமலே சொல்லி வைத்திருக்கிறது!

கூரத்துச் செப்பேடு கூறுவது

ரோமாபுரி இருக்கட்டும். காஞ்சிக்கு வருவோம். காஞ்சியை அடுத்த கூரத்துக்கு வருவோம்.

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் என்ற பல்லவ மன்னன் அங்கே ஒரு கற்கோயில் எழுப்பினான். 'வித்யாவிநீதன்' என்பது அவன் பட்டப்பெயர்களில் ஒன்று. கல்வியால் பணிவு பெற்றவன் என்று பொருள். அந்தக் கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கிப் பட்டயம் எழுதினான். அதுதான் கூரத்துச் செப்பேடு. பூசைக்கும் கோயிலைப் புதுப்பிக்கவும் 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர 1 பங்கு. அந்த மண்டபத்தில் பாரதம் படிக்க 1 பங்கு. மீதி 20 பங்கும் நான்மறை கற்ற இருபது பார்ப்பனருக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். ஊர் கூடும் மண்டபத்தில் ஒருவன் வாய்விட்டுப் படிக்க, பிறர் கேட்க வேண்டும். அதற்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1300 ஆண்டுகளுக்கு முன்பே நினைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு ஒரு பங்கு என்றால், வாய்மொழிக்கும் ஒரு பங்கு! அந்த நினைப்பை நாம் பாராட்டுகிறோம். ஆனால் இருபதின்மருக்கு இருபது பங்கு, படித்துக் காட்டுவதற்கு ஒரே பங்கு என்ற கணக்கையும் நாம் பார்க்கத் தவறவில்லை. பல்லவர் காலத்துப் பட்டயங்களில் தறிக்கு விதித்த இறையும் வருகிறது. கற்றவனுக்கு நிலம், நெய்தவனுக்கு வரி! அந்தக் கணக்கைத் திருத்தி எழுதத்தானே பின்னாளில் இத்தனை மேடை போட வேண்டியிருந்தது!

அதே செப்பேட்டில் மற்றொரு வேடிக்கை உண்டு. அதில் வடமொழிப் பகுதி ஒன்று, தமிழ்ப் பகுதி ஒன்று. வடமொழிப் பகுதி பெருவளநல்லூர்ப் போரை வருணிக்கிறது. யானை, குதிரை, புழுதிப்படலம், குருதி வெள்ளம் என்று சொல்மாரி பொழிகிறது. பல இலட்சம் படையோடு வந்த சாளுக்கிய மன்னன் விக்கிரமாதித்தன் கந்தல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு தனியே ஓடினான் என்று முழங்குகிறது.

நல்லது. விக்கிரமாதித்தன் என்ன சொல்கிறான்? கி.பி. 674-ல் அவன் வெளியிட்ட கத்வால் செப்பேடு பல்லவனை வென்றேன், காஞ்சியைக் கைப்பற்றினேன் என்று மார்தட்டுகிறது! இருவரும் வென்றார்களாம். இருவரிடமும் சம்பளம் வாங்கிய புலவர்கள் இருந்தார்கள். இருவரிடமும் செம்புத் தகடு இருந்தது. போரில் மாண்ட காலாளிடம்தான் தகடு இல்லை. அவன்தான் 'இன்ஃபன்ஸ்' ஆயிற்றே!

தமிழ்ப் பகுதி எப்படி இருக்கிறது? எல்லை எது, ஏரி எது, பாலாற்றிலிருந்து வரும் பெரும்பிடுகு வாய்க்காலின் நீர் யாருக்கு என்று பேசுகிறது. அணி இல்லை, அலங்காரம் இல்லை. ஆனால் அந்த வாய்க்காலை நம்பித்தான் ஊர் உண்டது. புகழ்மாரியை யாரும் நாற்றங்காலுக்குப் பாய்ச்சவில்லை!

இதுதான் நாம் சொல்ல வந்த வேறுபாடு. வாய் ஓடுவது வேறு. வாய்க்கால் ஓடுவது வேறு.

கூரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இராமானுசரின் மாணவர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. அவரைப் பற்றி வைணவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்றைக் கேளுங்கள். சோழன் அவையில், "சிவத்துக்கு மேற்பட்டது இல்லை" என்று எழுதிய ஓலையை நீட்டி ஒப்பமிடச் சொன்னார்களாம். சிவம் என்பது ஓர் அளவைக்கும் பெயர். அதைவிடப் பெரிய அளவை துரோணம். "சிவத்தைவிடத் துரோணம் பெரிது" என்று எழுதிக் கொடுத்தாராம் கூரத்தார். அந்த ஒரு வரிக்கு அவர் கொடுத்த விலை இரு கண்கள் என்பது கதை.

சைவம் பெரிதா வைணவம் பெரிதா என்ற வழக்கில் நாம் புகவில்லை. அது நம் வேலையும் அன்று. கதையை வரலாறு என்று சாதிக்கவும் வரவில்லை. ஆனால் ஒரு நீதி அதில் பளிச்சிடுகிறது. செம்பில் நூறு வரி புகழ் எழுதியவன் நிலம் பெற்றான். ஓலையில் ஒரு வரி எழுதியவன் கண்ணை இழந்தான். எது நாவன்மை? விலை வாங்கிக்கொண்டு பேசுவதா? விலை கொடுத்துப் பேசுவதா?

நாக்குக்குக் கிடைத்த தண்டனை

ரோமாபுரியின் தலைசிறந்த நாவலன் சிசரோ. சர்வாதிகாரத்தை நாடிய அந்தோனியை எதிர்த்துப் பதினான்கு உரைகள் தந்தான். கி.மு. 43-ல் அந்தோனியின் ஆட்கள் அவனைக் கொன்றனர். தலையையும் கையையும் வெட்டிக் கொண்டுவந்து, எந்த மேடையிலே நின்று அவன் முழங்கினானோ அதே மேடையிலே மாட்டிவைத்தனர். அந்தோனியின் மனைவி கொண்டை ஊசியால் அந்தப் பிண நாக்கைக் குத்தினாள் என்றும் எழுதி வைத்துள்ளனர். செத்த நாக்குக்கும் அஞ்சியிருக்கிறார்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். ஒரு காலத்தில் அரசியல் மேடை என்றால் ஆங்கில மேடை. வக்கீல்கள் பேசுவர், வக்கீல்கள் கேட்பர். தமிழ் பேசிய கூட்டம் வெளியே வண்டி ஓட்டிக்கொண்டு நின்றது. 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினர். யாரிடம்? கோரல் ஆலைத் தொழிலாளரிடம்! பிப்ரவரி 27-ல் ஆலை நின்றது. கூலி உயர்ந்தது. பதினைந்து நாள் ஆகுமுன், மார்ச் 12-ல், பேசிய இருவரும் கைது. சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தரம். வ.உ.சி.க்கு இருபதும் இருபதும் நாற்பது ஆண்டு! மேல்முறையீட்டில் குறைந்தது என்பது பின்கதை. அவர்கள் செய்த குற்றம் என்ன? குண்டு வீசினரா? கொள்ளையடித்தனரா? பேசினர்! தொழிலாளிக்குப் புரியும் மொழியில் பேசினர்!

ஆங்கிலத்தில் பேசியவரைப் பெரும்பாலும் சகித்துக்கொண்ட ஆட்சி, தமிழில் பேசியவரைச் செக்கிழுக்க வைத்தது ஏன்? குழந்தை பேசக் கற்றுக்கொள்கிறதே என்ற அச்சம்!

1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார். ஏட்டுத் தமிழுக்கும் ஆலை வாயிலுக்கும் இடையில் ஒரு பாலம் கட்டினார். அந்தத் திரு.வி.க. தலைமையில் 1925 நவம்பரில் காஞ்சியில் நடந்த காங்கிரசு மாநாட்டிலேதான், வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் வெளியேறினார். ஒரு கதவு மூடியது. ஓராயிரம் மேடை திறந்தது!

ஈரோடும் காஞ்சியும்

பெரியார் பேச்சில் எதுகை உண்டா? மோனை உண்டா? தேடினாலும் கிடைக்காது. சில ஆண்டுகளே பள்ளிக்கூடம் பார்த்தவர். வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் மணிக்கணக்கில் பேசுவார். நான் சொல்வதை நம்பாதே, உன் அறிவைக் கேள் என்பதே அவர் பேச்சின் சாரம். கைதட்டலுக்காக அவர் நிறுத்தவில்லை, கல்லெறிக்காகவும் நிறுத்தவில்லை. 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் பேசினார், 24-ல் மறைந்தார். தொண்ணூற்று நான்கு வயதில், இறுதி வாரத்திலும் மேடை!

அண்ணா வேறு வகை. 1909 செப்டம்பர் 15-ல் காஞ்சியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். காஞ்சி நகராட்சியில் சில காலம் எழுத்தராக இருந்தார். பச்சையப்பன் கல்லூரியில் பொருளியல் படித்தார். அவர் பேச்சு பட்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், கரையிலே சரிகை. 1943-ல் கம்பராமாயணம் பற்றிச் சொல்லின் செல்வர் சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் வாதிட்டபோது எதிரே இருந்தவர்கள் தமிழ்க்கடல்கள். ஆயினும் இளைஞர் அண்ணா தம் கருத்தை எடுத்துவைத்தார், ஏளனம் இன்றி, ஏச்சு இன்றி. எதிரியின் பெயருக்கு முன் மரியாதை. எதிரியின் வாதத்துக்கு முன் தயவின்மை. அதுவே காஞ்சி மரபு.

எதுகை இல்லாத ஈரோடும் எதுகை நிறைந்த காஞ்சியும் ஒரே வேலையைச் செய்தன. ஆகையால் நாவன்மை அடுக்குமொழியில் இல்லை. அடுக்குமொழியால் அது கெடுவதும் இல்லை. உள்ளே சரக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

அண்ணாவின் பேச்சை மட்டும் நினைவில் வைத்திருப்போர் ஒன்றை மறக்கின்றனர். 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் கஞ்சித் தொட்டியை நாடிய நேரம். அண்ணாவும் தோழர்களும் என்ன செய்தனர்? கண்டனத் தீர்மானம் போட்டுக் கலைந்தனரா? துணி மூட்டையைத் தோளில் சுமந்தனர்! திருச்சித் தெருக்களில் அண்ணா கூவி விற்றார். மேடையில் முழங்கிய அதே குரல் தெருவில் "கைத்தறி வாங்குவீர்!" என்றது. சொல்லுக்குப் பின்னால் தோள் இருந்தது.

சொல் வல்லவர் என்பதாலே வெற்றி தானே வந்து விழுந்ததா? இல்லை. 1957-ல் காஞ்சி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962-ல் அதே காஞ்சி அவரைத் தோற்கடித்தது. பேச்சே போதும் என்பார்க்கு அது பாடம். பேச்சால் ஆவது ஒன்றுமில்லை என்பார்க்கும் பாடம் உண்டு: 1967 சூலை 18-ல் தமிழ்நாடு என்ற பெயருக்குச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, 1969 சனவரி 14-ல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. முப்பது நாற்பதாண்டு மேடைப் பேச்சு, நாட்டின் பெயர்ப்பலகை ஆயிற்று!

நூல் என்பது எது?

லத்தீனில் 'டெக்ஸ்துஸ்' என்றால் நெய்யப்பட்டது. ஏட்டிலுள்ள பாடத்துக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர் அதிலிருந்து வந்ததே. நமக்கு இதில் வியப்பில்லை. நமக்குத்தான் இழையும் நூல், ஏடும் நூல்! நன்னூலார் இதை விரித்தே சொன்னார்: சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கும் பெண், வாய்தான் கை, அறிவுதான் கதிர். பஞ்சு இல்லாமல் கதிரை மட்டும் சுழற்றினால் காற்றுத்தான் நூற்கப்படும் என்பது காஞ்சிப் பிள்ளைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வள்ளுவர் சொல்வன்மை என்று 65-ஆம் அதிகாரம் வகுத்தார். அதை அமைச்சியலில் வைத்தார். மன்னர் காலத்தில் நாடாளும் ஆலோசனை அமைச்சனுக்கே உரியது. ஆகவே நாவன்மையும் அவனுக்கே வேண்டியிருந்தது. இன்றோ, வாக்குச்சீட்டு ஏந்திய ஒவ்வொருவனும் அமைச்சன், ஒவ்வொருத்தியும் அமைச்சர். அந்த அதிகாரம் இனி நெசவாளிக்கு உரியது, ஆலைத் தொழிலாளிக்கு உரியது. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தபோது இந்த அதிகாரமும் லத்தீன் உடை பூண்டது. சிசரோவின் மொழியிலே வள்ளுவர் நாவன்மை பேசினார்!

அந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு எச்சரிக்கை உண்டு. குற்றமற்ற சில சொல்லைச் சொல்லத் தெரியாதவன்தான் பல சொல்ல ஆசைப்படுவான் என்பது ஒன்று. கற்றதை விரித்துரைக்க இயலாதவன் கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூ என்பது மற்றொன்று. முதலாவது வாயாடிக்கு, இரண்டாவது ஊமைப் புலவனுக்கு. இரண்டுக்கும் நடுவிலே நிற்பதே நாவன்மை.

'ஃபகுந்தியா'வுக்கு நேர்ந்ததும் இதுவே. ஸ்பானிய மொழியில் இன்று அந்தச் சொல் தடையில்லாத நாவோட்டத்தைக் குறிக்கிறது. சில வேளை வாயாடித்தனம் என்ற குத்தலும் அதில் ஒட்டிக்கொள்கிறது. கேட்பவர் நெஞ்சை அசைக்கும் பேச்சுக்கு அவர்கள் வைத்திருப்பது வேறு சொல்: 'எலோகுவென்சியா'. ஒரே பொருளில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்று மேலே நின்றது. ஒன்று சற்றே சரிந்தது. சொல்லுக்கு நேர்ந்தது இயக்கத்துக்கும் நேரலாம் அல்லவா?

நாமும் சரியலாம். விளம்பரத் தட்டி பெரிதாகிறது, படிப்பகம் சிறிதாகிறது. கைப்பேசியில் ஒரு நிமிடத் துண்டுப் பேச்சு ஓடுகிறது. முழு உரை கேட்க ஆள் இல்லை. எதிரியை ஏசினால் சிரிப்பு வருகிறது. கூலிக் கணக்கைச் சொன்னால் கொட்டாவி வருகிறது. பேசுபவன் ஒருவன், கேட்பவர் ஓராயிரம் என்று ஆகிவிட்டால், அந்த ஓராயிரமும் மறுபடி 'இன்ஃபன்ஸ்' அல்லவா?

ஒரு நெசவாளத் தோழரை எண்ணிப் பாருங்கள். பல நாள் உழைத்துக் கோர்வைச் சேலை ஒன்றை முடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். விரித்துப் பார்த்தவர் "இங்கே இழை விட்டிருக்கிறது" என்று கூலியில் பிடிக்கிறார். தோழருக்குத் தெரியும், குறை தறியில் இல்லை, கொடுத்த பட்டில் இருக்கிறது என்று. ஆனால் வாய் வரவில்லை. தலையைச் சொறிகிறார், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார், வீடு திரும்புகிறார். மாலையில் கூட்டத்துக்கு வந்து நம் பேச்சுக்குக் கைதட்டுகிறார்!

அவர் கைதட்டியது நம் வெற்றி அன்று தோழர்களே. அவர் அங்கே வாய்திறந்து, "ஐயா, பட்டைப் பாருங்கள், பிறகு பிடியுங்கள்" என்று சொல்லியிருந்தால், அது வெற்றி! சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று நிமிடம் கணக்குக் கேட்டிருந்தால், அது வெற்றி! நாவன்மை மேடைக்காரனின் தனிச்சொத்து அன்று. அதைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகத்தான் மேடையே.

எப்படிப் பங்கிடுவது? வழி பழையதுதான். முடிதிருத்தகத்திலும் தேநீர்க்கடையிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு, பதினோராவது ஆள் மறுத்துப் பேசியதால் வளர்ந்த இயக்கம் இது. பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தைத் திறவுங்கள். உரக்கப் படியுங்கள். படித்ததைப் பற்றி வந்தவர் அனைவரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று விதி செய்யுங்கள். வாய் குளறட்டும், பிழை வரட்டும். எந்தக் குழந்தை பிழையில்லாமல் பேசிற்று? தோழியரை முதலில் பேசவிடுங்கள். நூல் சுற்றும் கைக்குச் சொல் இழுக்கத் தெரியாதா என்ன?

கூரத்துச் செப்பேட்டிலே 25-ல் 1 பங்கு படிப்பதற்கு. நமக்கு நாள் ஒன்றுக்கு 24 மணி. அதில் 1 மணி ஒதுக்குவோம். மன்னன் கொடுத்ததைவிட ஓர் இழை அதிகம்!

பேசாதவன் குழந்தை. பேச மட்டுமே தெரிந்தவன் வாயாடி. படித்துப் பேசி, பேசியபடி தோள் கொடுப்பவன்தான் நாவலன். அப்படி ஒருவன் மேடைமேல் இருந்தால் அது கூட்டம். மேடைக்குக் கீழே ஓராயிரம் பேர் இருந்தால், அதுவே நாடு!